கிண்டாத கஞ்சி

“எல்லாரும் வெளிக்கிடுங்கோ.”

வந்தவர்களைப் போகச் சொல்லக்கூடாது என்று கம்சிகாவுக்குச் சின்ன வயதிலேயே அடித்துச் சொல்லி வைத்திருந்தார்கள். சொல்லிவிட்டாள். அப்பாவின் கட்டிலைச் சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா பாலேந்திராவின் கையில் பால் கிண்ணம்.

“என்ன கதை இது? சாகப்போறவனுக்குப் பால் பருக்க வந்தனாங்கள்.”

“அவர் இன்னும் சாகேல்லை, பெரியப்பா. அவருக்குப் பசிக்குது.”

“நேற்றிலயிருந்து கஞ்சியைத் துப்புறான். சாப்பாடு வேண்டாம் எண்டுட்டான். யூனிக்குப் போனவைக்கு இது விளங்காதோ?”

“தேங்காய்ப்பாலை விட்டுக் களி மாதிரிக் கிண்டிக் குடுத்தால் நானும் துப்புவன்.”

அம்மா கலாவதி தலையைக் குனிந்தாள். அந்தக் கஞ்சி அவள் காய்ச்சியது. கம்சிகாதான் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று நோர்பரி முழுக்கச் சொல்லித் திரிந்த பெரியப்பா, கிண்ணத்தை யன்னலடியில் வைத்துவிட்டு வெளியேறினார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

அப்பா இராஜேந்திரன் ஒரு ஜப்பானியக் கடையின் குசினியில் காலம் முழுக்க நின்றவர். அங்கே பெரிய சமையற்காரர் ஜப்பானில் நாரா என்ற ஊரைச் சேர்ந்தவர். கடைக்கு வருகிறவர்களுக்கு மீனும் சோறும். தனக்கும் வேலையாட்களுக்கும் மட்டும் தன் ஊர்த் தேயிலைக் கஞ்சி. ச்சாகாயு என்பது அதன் பெயர். ஷிப்ட் முடிந்து வந்து வீட்டிலும் அப்பா அதைத்தான் வைத்துக் குடிப்பார். அம்மா அதைக் கழுநீர் என்பாள்.

கம்சிகா வறுத்த தேயிலையைச் சின்னத் துணிப்பையில் முடிந்து கொதிநீரில் போட்டாள். தண்ணீர் மரநிறமானதும் பையை எடுத்தாள். கழுவி வடித்த அரிசியைக் கொட்டினாள். அடுப்பைக் குறைக்கவில்லை. மூடவும் இல்லை. பொங்கிய நுரையை மட்டும் வழித்தாள்.

பின்னாலிருந்து அம்மாவின் கை அகப்பையோடு நீண்டது.

“கிண்டாதேங்கோ!”

“அடிப்பிடிக்கும், பிள்ளை.”

“பிடிக்காது. கிண்டினால்தான் பசையாகும். சோறு தனித்தனியா நிக்கவேணும், தண்ணி தேத்தண்ணி மாதிரி ஓடவேணும்.”

“இதெல்லாம் அவர் என்னட்டை ஒருநாளும் சொல்லேல்லையே.”

“கழுநீர் எண்டு சிரிச்சால் ஆர் சொல்லுவினம்?”

அம்மா அகப்பையைக் கழுவுதொட்டியில் போட்டாள். பிறகு அடுப்படியை விட்டு அசையவில்லை. பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரிசி வாய் திறந்ததும் கம்சிகா அடுப்பை நிறுத்தினாள். கிண்ணத்தில் ஆறவிட்டு, தாதி காட்டித்தந்தபடி அப்பாவின் தலையை உயர்த்தி, கரண்டி நுனியால் உதட்டை நனைத்தாள். மூக்குத் துவாரம் விரிந்தது. நாக்கு வெளியே வந்து தேடியது. இன்னும் கொஞ்சம். தொண்டை அசைந்தது.

“உப்பு,” என்றார் அப்பா.

“என்னப்பா?”

“காணாது.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்கு ஓடினாள். உப்போடு வந்து, இரண்டாம் கரண்டியை அவளே கொடுத்தாள். அப்பா துப்பவில்லை.

பின்னேரம் மூச்சு நின்றது. மாதக்கணக்காய் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த முனகலும் நின்றது. கம்சிகாவுக்கு அழுகை வரவில்லை. அவளுடைய தோள்கள் தாமாகக் கீழே இறங்கின. நித்திரை கொள்ளலாம் என்று தோன்றியது. தோன்றியதற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

பெரியப்பா உள்ளே வந்தார். கட்டிலடியில் நின்று கண்ணைத் துடைத்தார். பிறகு யன்னலடியைப் பார்த்தார். பாலில் ஆடை படிந்திருந்தது.

“பால் பருக்கினதோ?”

கம்சிகா வாயைத் திறந்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

“ஓம் அத்தான். நான்தான் பருக்கினனான்.”

அவர் பாலை இன்னொரு தரம் பார்த்தார். குசினிப் பக்கம் திரும்பினார்.

“செத்த வீட்டில சமைச்சது கிடக்கக்கூடாது. அந்தக் கஞ்சியைக் கொண்டுபோய் ஊத்து, பிள்ளை. உடம்பு எடுக்கும் மட்டும் அடுப்பும் மூட்டக்கூடாது. சாப்பாடு நாங்கள் கொண்டு வருவம்.”

கம்சிகா பானையை மூடி, துணியால் பிடித்துத் தூக்கினாள். இன்னும் சூடு இருந்தது. அம்மா லாச்சியைத் திறந்து இரண்டு கரண்டிகளை எடுத்து மூடியின் மேல் வைத்தாள்.

கம்சிகா வாசலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். குப்பைத்தொட்டியைக் கடந்து முன்மதிலடிக்குப் போனாள். அம்மாவும் பின்னால் வந்தாள். மூடியின் மேல் கரண்டிகள் கிலுங்கின.