மிகை வெளிச்சம்

வட்டம் முழுதாக இருந்தது. ஆகிலா கைப்பேசித் திரையை இரண்டு விரல்களால் விரித்துப் பார்த்தாள். தொலைநோக்கி எடுத்த எக்ஸ்கதிர்ப் படத்தின் நடுவில் வெள்ளையாய் ஒரு குமிழ். அதைச் சுற்றி பஸ்லியா போட்ட பச்சை வட்டம். நடுவை நீக்கி, வளையமாக எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

கூடவே குரல் பதிவொன்றும் வந்திருந்தது. "மச்சி, இன்னும் கொஞ்சத்தால மேடையில நான் கதைக்கணும். ஒருக்காப் பாத்துச் சொல்லு புள்ள."

பஸ்லியா மாமாவின் மகள். இருவரும் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பௌதிகவியல் படித்தவர்கள். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இருவருக்குமே இடம் கிடைத்தது. அப்போது இந்த வளவில் இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கல்முனையில் பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை வருவார். மாமா, தன் மகளின் வீட்டைத் தூண்களோடு நிறுத்திவிட்டு அவளை விமானம் ஏற்றினார். ஆகிலாவின் வாப்பா மகளின் வீட்டைத் தரைக்கு மாபிள் பதித்து முடித்தார். "ஊட்டப் பூட்டிப்போட்டு எங்க போற?" என்றார். அவ்வளவுதான். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. மாபிளை அவள் தினமும் துடைக்கிறாள்.

பஸ்லியா ஆராயும் கருந்துளை ஒரு சாதாரண நட்சத்திரத்தோடு சோடியாகச் சுற்றுவது. நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து, தன்னைச் சுற்றித் தட்டாகச் சேர்த்துக்கொண்டு, வருடக்கணக்காய்ச் சத்தமில்லாமல் இருக்கும். பிறகொரு நாள் சேர்ந்ததெல்லாம் சரிந்து விழ, எக்ஸ்கதிர் ஆயிரம் மடங்காய்ப் பெருகும். அவ்வளவு வெளிச்சத்தைத் தொலைநோக்கியின் உணரியால் எண்ண முடியாது. ஒன்றாய் வந்து விழும் இரண்டு சிறிய ஒளித்துகள்களை ஒரு பெரிய துகளென்று பதிந்துவிடும். அதனால்தான் பிரகாசமான நடுவை எறிந்துவிட்டு ஓரத்தை மட்டும் எடுப்பது. பஸ்லியாவின் வரைபடத்தில் கோடு கடைசியில் மேலே வளைந்திருந்தது. அந்தப் பொய் வளைவுக்குச் சிவப்பு அம்புக்குறி போட்டு, 'புதியது' என்று எழுதியிருந்தாள்.

ஆகிலாவுக்கு அந்த அம்புக்குறி பிடித்திருந்தது. சபையில் யாரோ எழும்பிக் கேள்வி கேட்பதும், பஸ்லியாவின் காது சிவப்பதும் கண்ணில் தெரிந்தது. 'வடிவா இரிக்கி' என்று எழுதி அனுப்பினாள். பிறகு மாபிளைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

மாமி வெறும் தண்ணீர்ப் போத்தல்களோடு வந்தார். மகள் வீட்டுத் தூண்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் கடற்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க, அவற்றில் போத்தல் கவிழ்ப்பது அவர் வழக்கம்.

"ஒண்ட மச்சி எனக்கும் படம் போட்டிரிக்கா. என்னடி அது, முட்டப்பொரியல் மாதிரி?"

"கருந்துளை மாமி. பக்கத்துல இரிக்கிற நட்சத்திரத்தத் தின்னுது."

"பக்கத்துல இரிக்கிறதயா? அப்ப அது நம்மட சொந்தக்காரர்தான்." மாமி குலுங்கிச் சிரித்தார். "காலையில இருந்து ஒண்டும் திங்கல்ல அவ. ஆகிலா பாத்துச் சொல்லட்டும் உம்மா எண்டா. நீ வடிவா இரிக்கி எண்ட பொறகுதான் சாப்பிடப் போனாளாம்."

ஆகிலா துணியைப் பிழிந்தாள். பரீட்சை நாட்களிலும் அப்படித்தான். தன் விடைகளை ஆகிலா பார்த்து முடிக்கும்வரை பஸ்லியா சோற்றுப் பொதியை அவிழ்க்க மாட்டாள். அங்கே என்ன சாப்பிட்டிருப்பாள்? அவள் சாப்பிட்டதிலும் ஆகிலாவுக்கு எரிச்சலாக இருந்தது.

"புள்ள, இந்தக் கதிரய ஒருக்காப் புடி." மாமி தூணடியில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஈரக் கையை உடுப்பில் துடைத்துவிட்டு எழுதினாள். 'மச்சி, நடுவ வெட்டு. வளையமா எடு. அந்த வளைவு பொய். அம்புக்குறிய அழி.' விரல் அப்படியே நின்றது. மாமி திரும்பவும் கூப்பிட்டார். அனுப்பினாள்.

செய்திக்குக் கீழே ஒரு சரி அடையாளம்தான் விழுந்தது. இரண்டாவது வரவில்லை. மண்டபத்துக்குள் போயிருப்பாள். கைப்பேசியை நிறுத்தியிருப்பாள்.

மாமி கதிரையில் ஏறினார். ஆகிலா ஒரு கையால் கதிரையைப் பிடித்தாள், மறு கையில் திரையைப் பார்த்தபடி. கதிரை ஆடியது.

"ரெண்டு கையாலயும் புடிடி, உளுந்திருவன்."

கைப்பேசியை இடுப்பில் செருகிவிட்டு இரண்டு கையாலும் பிடித்தாள். மாமி எட்டி, கடைசிக் கம்பியில் போத்தலைக் கவிழ்த்தார். பின்னேர வெயில் அதில் பட்டு, ஆகிலாவின் புதுச் சுவரில் ஒரு வெள்ளைக் குமிழாய் விழுந்தது. நடுவைப் பார்க்கக் கண் கூசியது. காற்றில் போத்தல் ஆட, அதைச் சுற்றி மெல்லிய வளையமொன்று தோன்றித் தோன்றி மறைந்தது.