எதிரே ஆளில்லாத ஆட்டம்

காரிமங்கலத்துக்குத் தெற்கே மாந்தோப்பில் சீட்டாடிய காலத்திலும் வீரமணி முரடன்தான். சீட்டை ஒளித்துவிட்டதாகச் சொல்லி ஒருமுறை கூட ஆடிய சென்றாயனின் மூக்கை உடைத்தான். சென்றாயன் திருப்பி விட்ட குத்தில் இவனுக்கு ஒரு பல் போயிற்று. ஆனால், இவன் தோற்றுக்கொண்டே போனால் அதே சென்றாயன்தான் சீட்டைப் பிடுங்கி வீசுவான். "போதும், வூட்டுக்குப் போடா" என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளுவான்.

போலீஸ் வந்து தோப்பு ஆட்டம் நின்றதும் வீரமணி செல்போனில் ரம்மி ஆடத் தொடங்கினான். அங்கே போதும் என்று சொல்ல ஆளில்லை. சோற்றில் கை வைத்தபடியே ஆடினான். எதிராளி வெறும் பெயர், உடைக்க மூக்கில்லை. தோற்ற ஆத்திரத்தில் முதலில் மாட்டை அடித்தான். பிறகு மனைவி சுகுணாவை.

அன்று மதியம் அவளுடைய கம்மலைக் கேட்டான். தர மறுத்தாள். பிடித்து இழுத்ததில் காது கிழிந்தது. ரத்தம் ஒழுக ஒழுக அவள் போனைப் பறித்துத் துணி துவைக்கும் கல்லில் ஓங்கி அடித்தாள்.

"ஜெயிக்கற ஆட்டண்டி அது!"

அலறிக்கொண்டே கூரையில் செருகியிருந்த கொடுவாளை உருவினான்.

பக்கத்துக் காட்டில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த சென்றாயனை நோக்கி அவள் ஓடினாள். "அண்ணா, வெட்ட வர்றாருங்க!"

பின்னாலேயே வந்த வீரமணி அவள் கழுத்தைப் பார்த்துக் கொடுவாளை வீசினான். சென்றாயன் குறுக்கே பாய்ந்து கையை நீட்டினான். இரண்டு விரல்கள் தக்காளிக்கூடையில் விழுந்தன. மறுகையால் செடிக்கு நட்டிருந்த கம்பைப் பிடுங்கி வீரமணியின் முட்டியில் அடித்தான். விழுந்தவனின் மார்பில் ஏறி உட்கார்ந்தான்.

"யாருகிட்டடா தோத்த? சொல்லுடா!"

"தெரியலடா... ஆளா மெஷினான்னே தெரியலடா." வீரமணி குலுங்கி அழுதான்.

தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தபோது, சென்றாயன் கட்டுப்போட்ட கையைக் கும்பிடுவதுபோல் உயர்த்தினான். "கூட ஆடுனவன் சார். கேசு வேணாங்க."

"வேணுங்க, எழுதிக்குங்க" என்றாள் காதில் தையலோடு வந்த சுகுணா.

"வெரலு போனது எனக்கு. நானே விட்டுட்டேன், தங்கச்சி."

"வெட்டு எங்கழுத்துக்குத்தான வந்துச்சுங்கண்ணா?"

வீரமணியைச் சேலம் சிறையில் அடைத்தார்கள். வாக்குமூலத்தை மாற்றச் சொல்லி மாமியார் வந்தாள். சுகுணா அவளுக்குச் சோறு போட்டாள். மாற்ற மாட்டேன் என்றாள்.