சகலைகள் சேர்ந்து வாங்கிய கம்ப்யூட்டர்

அக்காளையும் தங்கையையும் மணந்துகொண்ட அந்த இரண்டு பேரும் எட்டு வருஷமாக ஒரே கட்டடத்தில்தான் குடியிருந்தார்கள். மூத்தவளின் கணவர் மூன்றாம் மாடியில் இருந்தார்; மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இளையவளின் கணவர் முதல் மாடி, லிஃப்ட் மெக்கானிக். சகோதரிகள் இருவரும் நகமும் சதையும். காலையில் ஒருத்தி தலையை வாரிக்கொண்டே படியிறங்கி வந்தால், பின்னல் முடிவதற்குள் நேற்றைய சங்கதி முழுவதும் கைமாறிவிடும்.

கணவர்கள் கதை வேறு. "சௌக்கியமா?", "வேலையெல்லாம் எப்படிப் போகுது?", "மழை வரும் போலிருக்கே." எட்டு வருஷத்தில் இந்த மூன்றைத் தாண்டி அவர்கள் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. வெறும் மரியாதைதான். மனைவிகள் சமையலறையில் சிரித்துக்கொண்டிருக்க, இவர்கள் ஆளுக்கொரு சோபா நுனியில் உட்கார்ந்து, ஒலி குறைத்த டிவியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணாடிக்கடைக்காரர் தன் லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கி வந்தார். அடிக்கடி சூடாகி நின்றுபோகிறது, நீங்கள் மெஷின் ஆள், கொஞ்சம் பார்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். லிஃப்ட்காரர் அடிமூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த குட்டி விசிறியில் பஞ்சு மாதிரி தூசி அப்பிக் கிடந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, மூடியைத் திரும்பப் போட்டு, பொத்தானை அமுக்கினார்.

திரையில் ஒரு விளையாட்டு விரிந்தது. தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, ரயில் விட்டு, ஒரு சின்ன ஊரை நகரமாக வளர்க்கும் விளையாட்டு. கண்ணாடிக்காரர் சட்டென்று கையை நீட்டி மூடப் பார்த்தார். கடையில் வேலை பார்க்கும் பெண் எதையோ போட்டு வைத்திருக்கிறாள் என்றார். காது மடல் சிவந்துவிட்டது.

லிஃப்ட்காரர் அந்தக் கையை மெல்ல விலக்கினார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இந்த இடத்துல ரெண்டு பாதையும் குறுக்க வெட்டுது. அதான் ரயிலெல்லாம் வரிசையா நிக்குது. மேல ஒரு பாலம் போட்டுடுங்க."

கண்ணாடிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களுமா?"

குட்டு இரண்டு பக்கமும் உடைந்துபோனது. லிஃப்ட்காரர் படுக்கையறை மூலையில் துணி போட்டு மூடியிருந்த தன் பழைய கம்ப்யூட்டரைக் காட்டினார். அதில் இருநூறு ரயிலைத் தாண்டினால் எல்லாம் ஆமை நடை. கண்ணாடிக்காரருக்கு நூற்றிருபதிலேயே மூச்சு வாங்கியது. ஒருவருக்கு ஐம்பது வயது, மற்றவருக்கு நாற்பத்தைந்து. இரண்டு பேரும் வீட்டில் மற்றவர்கள் தூங்கிய பிறகோ, யாரும் இல்லாதபோதோ திருட்டுத்தனமாக விளையாடி வந்தவர்கள். அன்றைக்கு இரண்டு முறை டீ வந்தது. இரண்டு முறையும் ஆறிப்போனது.

டீயோடு டீயாக முடிவும் ஆகிவிட்டது. இரண்டு பேரும் சரிபாதி போட்டு, இதற்கென்றே பாகம் பாகமாகப் பொறுக்கி, ஒரு நல்ல கேமிங் கம்ப்யூட்டர் சேர்ப்பது. மூன்றாம் மாடியில் பழைய பெட்டிகள் அடைந்து கிடந்த சின்ன அறையில் வைப்பது. மூத்தவள், இஸ்திரி மேசையை மட்டும் யாரும் நகர்த்தக் கூடாது என்றாள். இளையவள், இந்த வயசிலா என்று விக்கல் வரும்வரை சிரித்தாள். ஆனால் பெட்டிகளைக் காலி செய்து கொடுத்தவளும் அவள்தான்.

எந்தெந்தப் பாகம் வாங்குவது என்று ஆளுக்கொரு பட்டியல் எழுதினார்கள். அங்கேதான் வந்தது வினை.

கண்ணாடிக்காரருக்கு எல்லாமே கண்ணுக்குத்தான். பாதிக்கு மேல் காசைக் கொண்டுபோய் கிராஃபிக்ஸ் கார்டில் கொட்டியிருந்தார். மூன்று விசிறி வைத்தது, கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடி அலமாரியில் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பொருத்தமாக, இருப்பதிலேயே துல்லியமான பெரிய திரை. பிராசசர், மெமரி எல்லாம் மிஞ்சிய காசுக்கு எது கிடைக்கிறதோ அது. லிஃப்ட்காரரின் பட்டியல் நேர்மாறு. பிராசசர் உசத்தி. பவர் சப்ளை ஆயிரம் வாட். ஆள் ஏறி நின்றாலும் நசுங்காத இரும்புப் பெட்டி. கிராஃபிக்ஸ் கார்டு பேருக்கு ஒன்று. திரை எதற்கு, வீட்டில் இருக்கும் பழசே போதும்.

நேருக்கு நேர் சொல்லியிருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். ஆனால் மூத்த சகலையிடம் உங்கள் பட்டியல் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? லிஃப்ட்காரர் மென்று விழுங்கினார். மனைவியிடம், "அண்ணாகிட்ட அண்ணி மூலமா மெதுவா சொல்லிப் பாரேன்" என்றார். மாடியிலிருந்தும் அதே வழியில் பதில் வந்தது. பத்து நாள் சகோதரிகள் இருவரும் பிராசசர் என்றும் வாட் என்றும் சுமந்துகொண்டு படியேறி இறங்கினார்கள். பாதி வழியில் பாதி மறந்துபோனது. 'விசிறி மூணும் வேணுமாம்' என்று போன சேதி, வீட்டுக்கு மூன்று சீலிங் ஃபேனா என்று திரும்பி வந்தது.

பதினோராம் நாள் இளையவள் கையை விரித்துவிட்டாள். "நாங்க என்ன தபால்காரங்களா? ரெண்டு பேரும் ஒண்ணா கடைக்குப் போங்க. முடிவு பண்ணிட்டுத்தான் வீட்டுப் படி ஏறணும். அக்காவும் அதையேதான் சொல்லிட்டா."

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். வழியில் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

ஒரு அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தது கடை. கம்ப்யூட்டர் சேர்த்துத் தருபவள் நடுவயதுப் பெண். உடம்பின் மின்சாரம் பாகங்களில் பாயாமல் இருக்க மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டியிருந்தாள். அதிலிருந்து ஒரு வயர் மேசைக்குப் போனது. இரண்டு பட்டியலையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எந்த விளையாட்டுக்கு என்று கேட்டாள். கண்ணாடிக்காரர் இருமினார். லிஃப்ட்காரர்தான் ரயில் விளையாட்டு என்று சொல்லி வைத்தார். அவள் சிரிக்கவில்லை. எத்தனை ரயில் ஓடும்போது திணறுகிறது என்று மட்டும் கேட்டாள்.

கண்ணாடிக்காரர் விளையாட்டில் கட்டிய தன் ஊரை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார், வாதத்துக்கு உதவும் என்று. அதை வாங்கி, மேசைமேல் மூடியில்லாமல் கிடந்த சோதனைக் கம்ப்யூட்டரில் செருகினாள். அவர் கேட்ட அதே மூன்று விசிறிக் கார்டையும், அவர் எழுதியிருந்த மலிவான பிராசசரையும் அதில் மாட்டி ஓட்டிக் காட்டினாள். ஊர் பளிச்சென்று வந்தது. ரயில்கள் மட்டும் பழையபடி விட்டு விட்டு நகர்ந்தன. ஓரத்தில் இரண்டு எண்கள் ஓடின. பிராசசர் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. கார்டு இருபத்திரண்டு.

"பெரிய கார்டு சும்மா உக்காந்திருக்கு சார்" என்றாள் அவள். "ஒவ்வொரு ரயிலும் எங்க போகணும், எங்க நிக்கணும்னு பாக்கறது பிராசசர். அது வேலையை முடிச்சுக் குடுத்தாதான் கார்டு படம் போடும். ஒண்ணு ஓட, ஒண்ணு காத்துக்கிட்டு நிக்கற மாதிரி வாங்கக் கூடாது. ரெண்டும் சேர்ந்து நடக்கணும்."

கண்ணாடிக்காரரின் முகம் விழுந்துவிட்டது. லிஃப்ட்காரருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அது வெளியே தெரிந்துவிடாமல் இருக்க கூரையைப் பார்த்தார். ஆனால் அவள் அடுத்த பட்டியலைக் கையில் எடுத்துவிட்டாள்.

ஆயிரம் வாட் எதற்கு என்று கேட்டாள். லிஃப்ட் கயிறு தாங்க வேண்டிய எடையைப் போல பத்து மடங்கு தாங்கும்படிதான் போடுவார்கள், அது தன் தொழில் பழக்கம் என்றார் இவர். எல்லாம் சேர்ந்து முழு வேகத்தில் ஓடினாலும் நானூறைத் தாண்டாது, தரமானதாக அறுநூற்றைம்பது போதும், மிச்சக் காசு வேறு இடத்துக்குத் தேவைப்படும் என்றாள் அவள். இரும்புப் பெட்டி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. அப்புறம் அந்தப் பழைய திரை.

இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று லிஃப்ட்காரர் வீட்டில் இருப்பது மாதிரி பழையது. இன்னொன்று, கண்ணாடிக்காரர் கேட்டதைவிட ஒரு படி கீழே, நடுத்தரமானது. இரண்டிலும் அதே ஊர், அதே ஸ்டேஷன்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு" என்றார் லிஃப்ட்காரர்.

கண்ணாடிக்காரர் சட்டென்று திரும்பினார். திரையைப் பார்க்கவில்லை, சகலையைப் பார்த்தார். மேசையிலிருந்த ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து, பொடி எழுத்து இருந்த பக்கத்தைக் காட்டி, இதை வாசியுங்கள் என்றார். லிஃப்ட்காரர் பெட்டியை வாங்கினார். கை நீண்டது, இன்னும் நீண்டது, தலை பின்னால் போனது. இங்கே வெளிச்சம் பத்தவில்லை என்றார்.

"எத்தனை நாளா இப்படி?" அதுவரை அந்தக் கடையில் தொய்ந்துபோயிருந்த கண்ணாடிக்காரரின் குரல் இப்போது தன் கடையில் நிற்கிற ஆளின் குரலாகிவிட்டது.

லிஃப்ட்காரர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார். ஒரு வருஷமாகிறது. கண்ட்ரோல் பெட்டிக்குள் வயர் நம்பர் தெரிவதில்லை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து ஒப்பேற்றுகிறார். லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்கிற ஆளுக்குக் கண் போச்சு என்று தெரிந்தால் வேலைக்கு அனுப்புவார்களா? மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இதைச் சொல்லி முடித்ததும், இறுகக் கட்டியிருந்த பெல்ட்டைத் தளர்த்தியது போல இருந்தது அவருக்கு.

கண்ணாடிக்காரர் அவரை நேராகத் தன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு எடுத்தார்.

"கண் ஒண்ணும் போகலை சகலை. இது வெள்ளெழுத்து. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வரும். எனக்கு ஆறு வருஷமா இருக்கு. நானும் முதல்ல வெளிச்சம் பத்தலைன்னுதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். கடையில இவ்வளவு கண்ணாடியை வச்சுக்கிட்டு."

லிஃப்ட்காரர் தன் புறங்கையைப் பார்த்தார். ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. எப்போதோ ஸ்பானர் வழுக்கிக் கிழித்த தழும்புகூடத் தெரிந்தது. அதையே வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இப்போதைக்கு என்று ஒரு ரெடிமேட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இருவரும் மறுபடி அச்சகத்து மாடி ஏறினார்கள். அந்தப் பெண் திரைகளை அப்படியே விட்டு வைத்திருந்தாள்.

"அட, இதுல தண்டவாளத்துக்கு அடியில கட்டை கட்டையா தெரியுது" என்றார் லிஃப்ட்காரர். பழைய திரையில் அது ஒரே சாம்பல் கோடு.

அதற்கப்புறம் பட்டியல் எழுத முக்கால் மணிதான் ஆனது. நல்ல பிராசசர். நடுத்தரத் திரைக்கு அளவாக நடுத்தரக் கார்டு. கண்ணாடிக்காரர் முகத்தைப் பார்த்து லிஃப்ட்காரர் தானாகவே அதை ஒரு படி ஏற்றினார். மெமரி தாராளம். பவர் சப்ளை அறுநூற்றைம்பது. முன்பக்கம் வலை போட்ட, காற்றோட்டமான பெட்டி. உள்ளே கலர் விளக்கு வேண்டும் என்றார் ஒருவர், கண்ணைக் குத்தும் என்றார் மற்றவர். கடைசியில் ஒரே ஒரு விசிறிக்கு மட்டும், நீல நிறத்தில் என்று படிந்தது. எல்லாவற்றையும் நேரடியாகவே பேசிக்கொண்டார்கள். அதை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கூலி கொடுத்துச் சேர்க்க இருவருக்குமே மனமில்லை; பாகங்களை அப்படியே வாங்கி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை சின்ன அறையில் போர்வையை விரித்து உட்கார்ந்தார்கள். பிராசசரை உட்காரவைப்பது, அதன் சூட்டைத் தணிக்கும் கூலரை முறுக்குவது, வயர்களைக் கட்டிப் பின்னால் ஒதுக்குவது எல்லாம் லிஃப்ட்காரர் கை. டிஸ்க்கைப் பிடிக்கும் கடுகளவு திருகு வந்தபோது அவர் விரல்களுக்கு அது அகப்படவில்லை. இரண்டு தடவை கீழே விழுந்து, மூன்றாம் தடவை கண்ணாடிக்காரர் வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடித் திருகு போட்டே முப்பது வருஷம் ஓட்டியவர், கண்ணிமைப்பதற்குள் போட்டுவிட்டார்.

பொத்தானை அமுக்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார்கள். லிஃப்ட்காரர் மூடியைக் கழற்றி ஒவ்வொரு இணைப்பாக அழுத்திப் பார்த்தார். அந்தச் சமயம் பின்பக்கமாகக் குனிந்த கண்ணாடிக்காரர் மெல்லக் கேட்டார், "சகலை, பவர் சப்ளைக்குப் பின்னால ஒரு சுவிட்ச் இருக்கே, அது கீழ கிடக்குது. அப்படித்தான் இருக்கணுமா?"

மெயின் சுவிட்சைப் போட மறந்த லிஃப்ட் மெக்கானிக் என்று இந்தக் கதை கட்டடம் முழுக்கச் சுற்றப்போகிறது என்பது லிஃப்ட்காரருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

நீல விசிறி சுழன்றது. மாலைக்குள் கண்ணாடிக்காரரின் ஊரை ஏற்றி, ரயில்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். இருநூறு. இருநூற்றைம்பது. தடங்கலே இல்லை. ஆற்றங்கரையில் புதுப் பாதை போடுவதில்தான் பேச்சு தடித்தது. பாலம் என்றார் லிஃப்ட்காரர். ஊரைச் சுற்றிப் போகட்டும் என்றார் கண்ணாடிக்காரர்.

"சுத்திப் போனா சரக்கு எப்ப வந்து சேரும்? உங்களுக்கு இது புரியவே புரியாது அண்ணா."

"பாலத்தைப் போட்டு ஆத்தையே மறைக்கணுமா? பாக்கச் சகிக்காது சகலை."

சத்தம் படிக்கட்டு வரை கேட்டிருக்க வேண்டும். இளையவள் முதல் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாக ஏறி ஓடி வந்து கதவருகே நின்றாள். மூத்தவள் ஈரக்கையோடு ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள் தங்கை.

"சண்டை போடறாங்கடி" என்றாள் அக்கா. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, தங்கையின் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று முந்நூறாவது ரயிலையும் விட்டுப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் அசரவில்லை. பாலம் விஷயம் மட்டும் அடுத்த ஆட்டத்துக்கு, புதன்கிழமைக்குத் தள்ளிப்போனது.