நெரிஸா டீச்சரின் ஐந்து வாக்கியங்கள்

எங்கள் தீவுப் பட்டணத்து ஹாரோ சந்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நெரிஸா ஒருத்திதான். பிழைக்கிறாள் என்பதை நான் மறுக்கவில்லை. சொல்லிக்கொடுக்கிறாள் என்பதில்தான் சந்தேகம். காலை ஏழு மணிக்கு, இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரை டிராயர், முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ரோஜாச் சுவர். கணினித் திரையில் ஜப்பான்காரர்கள் தலையாட்டுவார்கள். டிராயர் அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஜன்னல் சந்துப் பக்கம் திறந்திருந்தது.

அவளிடம் இருந்த சரக்கு ஒன்றே ஒன்று. ஆங்கிலக்காரன் ஒரு சின்ன வினைச்சொல்லை எடுத்து, அதன் வாலில் அப், ஆஃப், அவுட் என்று எதையாவது ஒட்டிவிடுவான். உடனே அர்த்தம் வேறு எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். 'ரன்' என்றால் ஓடு. 'ரன் அவுட் ஆஃப் ரைஸ்' என்றால் அரிசி தீர்ந்துபோயிற்று, யாரும் ஓடவில்லை. இந்த வால்களை வைத்து நெரிஸா போனில் ஒரு பக்கம் நடத்தினாள். தினமும் காலை ஆறு மணிக்கு, அன்றாட வாழ்க்கையில் பேசுகிற மாதிரி ஐந்து வாக்கியங்கள். நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்கள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். அதில் பாதி கப்பல்காரர்கள். கப்பலில் மேல் பதவிக்கு ஏற வாய்மொழித் தேர்வு உண்டு, அதற்கு ஆங்கிலம் வேண்டும்.

நாளுக்கு ஐந்து வாக்கியம் யோசிக்கக் கொஞ்சமாவது மூளை வேண்டும். நெரிஸாவிடம் ஜன்னல்தான் இருந்தது.

நான் வீடு வீடாகப் போய் நகம் திருத்திச் சாயம் பூசுகிறவள். பேக்கரிக்காரர் மனைவிக்கு இடது கையை முடித்துக்கொண்டிருந்தபோது வலது கையால் போனை நீட்டினாள். சந்தில் எல்லோருக்கும் நான் மானாங், அதாவது அக்கா.

"மானாங் எப்பிங், இதப் படிங்க. 'பக்கத்து வீட்டுக்காரர் குடியை விட்டுவிட்டார். திங்கட்கிழமை மறுபடி ஆரம்பித்துவிட்டார்.' நம்ம தோதோங்தானே?"

தோதோங்தான். திங்கட்கிழமையும் சரிதான். ஒரு மாதத்துக்குள் சந்து முழுக்க ஆங்கில மாணவர்கள் ஆகிவிட்டார்கள். ஆங்கிலம் மட்டும் யாருக்கும் வரவில்லை.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, ஜெனலின் முறை வரும்வரை.

ஜெனலின் நெரிஸாவுக்கு நேர் எதிர்வீடு, பச்சை கேட். புருஷன் வில்மார் சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவன், பத்து மாதமாகக் கடலில். ஜெனலின் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி தீனோய் தச்சர், அறுபத்தெட்டு வயது. சமையலறைக்கு அலமாரி செய்ய வந்துபோய்க்கொண்டிருந்தார். ஒரு வியாழக்கிழமை நெரிஸா போட்ட ஐந்து இவை:

கப்பல்காரன் மனைவி தச்சனோடு நன்றாகப் பழகுகிறாள். அவன் மத்தியானத்தில் எட்டிப்பார்க்கிறான். பின்வாசலில் செருப்பைக் கழற்றுகிறான். பச்சை கேட்டைத் தாழ்போடுகிறார்கள். நாளை அவன் வருவதை அவள் ஆவலோடு எதிர்பார்க்கிறாள்.

ஒவ்வொன்றிலும் ஒரு வால் தடித்த எழுத்தில். முன்வாசல் தரைக்கு மெழுகு போட்டிருந்ததால்தான் பின்வாசல் என்பதைச் சொல்ல வாக்கியத்தில் இடமில்லை.

படித்தவர்களில் வில்மாரும் ஒருவன். தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தான், பாவம். பாடப் பக்கத்தைச் செய்தித்தாளாக வாசிக்கிற புத்திசாலி. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டான்.

"யாரு அந்தத் தச்சன்?"

"தீனோய் சித்தப்பாடா! பல்லே இல்ல அவருக்கு!"

"பல்லப் பத்தி அதுல ஒண்ணும் போடலியே. சனிக்கிழமை நான் இறங்கறேன். நேரா கிம்பாலுக்கு, அம்மா வீட்டுக்குப் போறேன். அங்க வெச்சு யோசிக்கறேன், வீட்டுக்கு வர்றதா வேணாமான்னு."

மறுநாள் ஜெனலின் என்னைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு நெரிஸா வீட்டுப் படியேறினாள்.

"என்னடி எழுதி வெச்சிருக்க என்னப் பத்தி?"

"உன் பேரு எங்க இருக்கு இன்டாய்?" இன்டாய் என்று செல்லமாகக் கொஞ்சினாளே தவிர, நெரிஸா ஹெட்செட்டைக் கழற்றக்கூட இல்லை. "அது பயிற்சி வாக்கியம். கற்பனை."

"பச்சை கேட்டும் கற்பனையா?"

"வாக்கியத்துல கொஞ்சம் நிறம் வேணும். மாணவர்களுக்கு மனசுல நிக்கும்."

"நின்னுடுச்சு. எம்புருஷன் மனசுல நல்லாவே நின்னுடுச்சு. நாளைக்கே மாத்தி எழுது. தச்சன் கிழவன், சொந்தக்காரன்னு எழுது."

நெரிஸா சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பெருமையோடு காட்டினாள். "இந்த வாரம் காதல் வாரம். நாளைக்குப் பிரிஞ்சு போறது, ஓடிப்போறது, ஏமாத்தறது. பாடத்திட்டத்த என்னால கலைக்க முடியாது."

கல்லூரியைப் பாதியில் விட்டவளுக்குப் பாடத்திட்டம்!

ஜெனலின் கத்தவில்லை. "ஏழு மணிக்குத்தானே உனக்கு ஜப்பான் கிளாஸ்? என் வீட்டுல பாட்டுப் பாடற வீடியோகே பெட்டி இருக்கே, அதை உன் ஜன்னலுக்கு நேரா திருப்பி வெக்கறேன். தோதோங்கையே கூப்பிட்டுப் பாடச் சொல்றேன். மறுபடி குடிக்க ஆரம்பிச்சதிலேருந்து அவருக்குக் குரல் நல்லாத்தான் இருக்கு."

பின்னணியில் சத்தம் கேட்டால் அந்த ஜப்பான்காரர்கள் டீச்சருக்குப் போடுகிற மதிப்பெண் நட்சத்திரத்தைக் குறைத்துவிடுவார்கள். நெரிஸாவின் பாடத்திட்டம் அங்கேயே கலைந்தது.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குத் திருத்திய ஐந்தும் வந்தன. தச்சர் கிழவர், மனைவியின் சித்தப்பா முறை. அலமாரியைப் பொருத்தி முடித்துவிட்டார். சாப்பிட்டதும் தூங்கிவிழுகிறார். அவர் குறட்டையை அவள் பொறுத்துக்கொள்கிறாள். கணவன் திரும்பி வருவதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறாள். அத்தனையும் உண்மை. அந்தப் பக்கத்தில் ஐந்துமே உண்மையாக வந்தது அதுதான் முதல் தடவை.

வில்மார் அன்றைக்கே கூப்பிட்டான்.

"இப்பத்தான் எனக்கு நிஜமாவே சந்தேகம் வருது. டீச்சர் திடீர்னு ஏன் உனக்காகப் பேசறாங்க? நீ போய்ச் சொல்லி எழுத வெச்சியா?"

"ஆமா, வெச்சேன்."

"பாத்தியா!"

ஜெனலின் ஒரு பாட்டம் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது, பக்கத்தில் இருந்ததே அதற்குத்தான்.

"கேளு. பன்னெண்டு வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணியிருக்க. போறதா இருந்தா கிம்பாலுக்குப் போ. வர்றதா இருந்தா, டீச்சரோட பக்கத்தத் தொடாம வா. வந்து என்னக் கேளு. நான் சொல்றத நம்பு. அவ்வளவுதான்."

சனிக்கிழமை பத்து மணிக்கு வில்மார் வந்தான். கிம்பாலுக்குப் போகவில்லை. ஜெனலின் வாசலில் உட்கார்ந்திருந்தாள், நான் அவள் விரல்களுக்குச் சிவப்பு பூசிக்கொண்டிருந்தேன். உள்ளே துவரையும் பலாக்காயும் போட்ட பன்றிக் குழம்பு, அவனுக்குப் பிடித்தது. வாடகை ட்ரைசிகிளிலிருந்து இரண்டு பெட்டிகளையும் இறக்கிக்கொண்டு பச்சை கேட்டுக்கு வெளியே நின்றான். இளைத்திருந்தான்.

"கேளு" என்றாள் ஜெனலின்.

"அந்தத் தச்சன்..."

"தீனோய் சித்தப்பா. அலமாரி செஞ்சார். வேற ஒண்ணுமில்ல."

இரண்டே வினாடி பொறுத்திருக்கலாம். உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால் குழம்பு கிடைத்திருக்கும். ஆனால் அந்த மனிதனின் கை, அவனுக்கே தெரியாமல் என்றுதான் சொல்ல வேண்டும், கால்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தது. கட்டைவிரல் திரையைத் தள்ளியது. இன்றைய ஐந்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தான்! பெண்டாட்டி இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இவன் அடிக்குறிப்பு தேடுகிறான்.

ஜெனலின் எழுந்தாள். சாயம் காயவில்லை என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. கேட்டைத் திறந்து, ஒரு பெட்டியைத் தூக்கித் திரும்ப ட்ரைசிகிளில் வைத்தாள். இன்னொன்றையும் வைத்தாள்.

"ஜெனலின், சும்மாதான் பார்த்தேன்..."

"கிம்பால் போற ஜீப்னி வண்டி நிக்கற இடத்துல இவர இறக்கி விட்டுடுங்க மானோங்" என்றாள் வண்டிக்கார அண்ணனிடம்.

எதிர்வீட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் நெரிஸா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது சந்துக்கே தெரிந்தது. வில்மார் பெட்டிகளுக்கு நடுவே இடுக்கி உட்கார்ந்தான். வண்டி திரும்புகிறவரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான், யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று.

ஜெனலின் கேட்டைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். மூன்று விரல்களில் சிவப்பு இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"துடைச்சுட்டு மறுபடி பூசுங்க மானாங்" என்று கையை நீட்டினாள். "அப்புறம் உள்ள வாங்க. குழம்பு நிறைய இருக்கு."