ஒலி முகம்மதுவின் ஸ்டீயரிங்

ஒலி முகம்மது இறந்த மறு வருடம், சாரல் தொடங்கிய அன்று, அவருடைய பழைய அம்பாசிடர் கார் டிரைவரின் பேச்சைக் கேட்காமல் குற்றாலத்துக்குப் போனது. டிரைவர் இசக்கி கடையநல்லூரிலிருந்து வண்டியை எடுத்தது தென்காசியில் பல் டாக்டரைப் பார்க்க. பின் சீட்டில் ஒலி முகம்மதுவின் மனைவி ஜைனப் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தென்காசிக்குள் நுழைந்ததும் ஸ்டீயரிங் இசக்கியின் கையை உதறிவிட்டுத் திரும்பியது. "யக்கா, நான் பிடிக்கல, அதுவா போவுது" என்றான் அவன். வண்டி மேலகரத்தில் ஒரு டீக்கடைக்கு எதிரே வேகம் குறைத்தது. எப்போதோ வெட்டப்பட்ட ஆலமரத்துக்கு இடம் விட்டு ஒதுங்கியது. ஜைனபுக்குச் சந்தேகமே வரவில்லை. முப்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த, அவர் வண்டி ஓட்டும் விதம் அது. அன்று அருவியில் தலையைக் கொடுத்ததில் பல்வலியும் போய்விட்டது, எந்தப் பல் என்பதும் மறந்துவிட்டது.

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒலி முகம்மது சவூதியில் தம்மாமில் வேலை பார்த்தவர். பெருநாளுக்கு லீவு கேட்காமல் சாரலுக்கு லீவு கேட்கும் ஒரே ஆள் என்று அங்கே பெயர் எடுத்திருந்தார். அவர் வராத மாதங்களில் கார் தார்ப்பாய்க்குள் தூங்கும். வந்தால் தினமும் குற்றாலம். ஆக, அந்தக் கார் தன் ஆயுளில் ஒழுங்காகப் பழகியது ஒரே ஒரு சாலையைத்தான். போதாக்குறைக்கு ஒவ்வொரு லீவுக்கும் அவர் வெள்ளி போல் மின்னும் ஸ்பேனர் செட் ஒன்றைக் கொண்டுவருவார். ஊரே கூடி நின்று தடவிப் பார்க்கும். வளைகுடாவிலிருந்து வந்த சாமான் சரியில்லாமல் போகும் என்று கடையநல்லூரில் யார் நினைப்பார்கள்? அவை எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. காரின் நட்டுகளோ இஞ்சுக் கணக்கு. முக்கால்வாசி பொருந்தும், மீதி கால்வாசி வழுக்கும். வழுக்கி வழுக்கி ஸ்டீயரிங் கம்பியின் நட்டுகள் மூலையெல்லாம் மழுங்கி உருண்டைக் கடலை ஆகிவிட்டன. அப்புறம் எந்த மெக்கானிக்கும் அதில் கை வைக்கத் துணியவில்லை. அந்தக் கம்பியின் இரு முனை மூட்டுகளும் தேயத் தேய ஸ்டீயரிங்கில் ஆட்டம் கூடியது. இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல் ஆட்டினாலும் சக்கரம் கண்டுகொள்ளாது. இறந்த பிறகு ஒலி முகம்மது தங்கியது அந்த ஆட்டத்துக்குள்தான். ஊர்ப் பெரியவர்கள் இதைப் பேசிப் பார்த்து, குளிக்கத்தானே போகிறார், போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வருடங்கள் போயின. தென்காசி தனி மாவட்டம் ஆனது. கொரோனா சமயத்தில் அருவியை அடைத்திருந்தபோதும் கார் போய், தடுப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பியது. போலீஸ்காரர்கள் பாஸ் கேட்டுவிட்டு, ஸ்டீயரிங் தானாகத் திரும்புவதைப் பார்த்ததும், "சரி, மாஸ்க் போட்டுக்கிடுங்க" என்று அனுப்பினார்கள். ஜைனப் பின் சீட்டை விட்டு முன் சீட்டுக்கு வந்தாள். இசக்கி கையை மடியில் வைத்துக்கொண்டு சம்பளம் வாங்கினான். அவளுக்கு அவை நல்ல வருடங்கள். கணவரோடு அவ்வளவு சேர்ந்தாற்போல் அவள் ஒருபோதும் இருந்ததில்லை.

பிறகு சாலையை அகலப்படுத்தி நடுவில் சுவர் வைத்தார்கள். ஒலி முகம்மதுவுக்கு அது தெரியாது. அவர் பழைய வளைவிலேயே திரும்பி எதிர்த் தடத்தில் ஏறினார். ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எதிரே வந்த ஆட்டோ மயிரிழையில் தப்பி, பள்ளத்தில் இறங்கி நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஜைனப் இறங்கிப் போய் அவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள். விஷயம் கேள்விப்பட்டு மகன் ஆசிக் தம்மாமிலிருந்து போனில் கூப்பிட்டான். "உம்மா, ஒண்ணு ஸ்டீயரிங் சாமானை மாத்துங்க, இல்ல வண்டியை வித்துருங்க. வாப்பா இருந்தா அவுகளே இதத்தான் சொல்லுவாக." வாப்பா இருப்பதுதான் பிரச்சினையே என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? ஆட்டத்தை எடுத்தால் அவரையும் எடுத்ததாகிவிடும். எடுக்காவிட்டால் ஒரு நாள் யார் வீட்டுப் பிள்ளையாவது போய்விடும். இரண்டு ராத்திரி யோசித்துவிட்டு, வண்டியை மேலகரத்தில் சங்கிலிப்பாண்டியின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

சங்கிலிப்பாண்டி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததும், "யாருலே இத பல்லால கடிச்சது?" என்று கத்தினான். ஜைனப் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஆறு பக்கமும் ஒருசேரக் கவ்வும் இஞ்சு சாக்கெட் ஒன்றைத் தேடிப் போட்டுத் திருகினான். நட்டு வந்துவிட்டது. ஆனால் மூட்டின் காம்பு அதன் குழியில் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இந்த ஊரில் அதற்கு ஒரே வைத்தியம் சுத்தியல். ஓங்கி ஒன்று வைத்தான். அந்த ஒரே அடியில், ஒலி முகம்மது எப்படித் தும்முவார் என்பது ஜைனபுக்கு மறந்துபோனது. குளித்துக் கரையேறியதும் குரங்குகள் சிதறி ஓடும்படி தும்முவார் என்பது ஞாபகம் இருந்தது. சத்தத்தைக் காணோம்.

"தம்பி, அடிக்காதீங்க! அவுக தும்முதது எனக்கு மறந்துட்டு."

சங்கிலிப்பாண்டி எழுந்து சுத்தியலைக் கீழே வைத்தான். "அய்யோ, அப்பம் இன்னொண்ணு விட்டா எது போவும்னு சொல்ல முடியாதே" என்றான். மூட்டைப் பிரிக்கும் கவட்டை ஆப்பை எடுத்துப் பார்த்தான். அதையும் அடித்துத்தான் இறக்க வேண்டும், மூட்டின் ரப்பரையும் கிழிக்கும். வேண்டாம் என்று வைத்துவிட்டான். டிராக்டருக்கு மாட்டும், கவ்வி இழுக்கும் புல்லரைக் கொண்டுவந்தான். அதன் வாய் அகலம், இரண்டு தடவை வழுக்கி அவன் விரல் முட்டியைப் பேர்த்தது. கடைசியில் பழைய கார் பைத்தியமான செங்கோட்டை மகாதேவனிடம் ஆள் அனுப்பி, வாய் குறுகிய சின்னப் புல்லர் ஒன்றை வரவழைத்தான். திருகை ஒரு சுற்று முறுக்குவான், ஒரு பீடி குடிப்பான், மறுபடி ஒரு சுற்று. ஜைனப் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து ஸலவாத்து ஓதிக்கொண்டே, அவர் நடை, அவர் சிரிப்பு, கறி ருசி பார்க்கும்போது அவர் கண்ணை மூடுவது என்று ஒவ்வொன்றாக நினைத்துச் சரிபார்த்தாள். எல்லாம் இருந்தன. சாயங்கால அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் விரலில் சொடக்கு விட்டதுபோல் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மூட்டு முழுசாகக் கையோடு வந்தது. அடுத்த பக்கத்து மூட்டும் அதே மாதிரி சமர்த்தாக வந்தது.

புது மூட்டுகள் போட்டதும் ஸ்டீயரிங்கில் ஒரு நூல் ஆட்டம் இல்லை. "வீட்டுக்குப் போப்பா" என்றாள் இசக்கியிடம். கார் வீட்டுக்குப் போனது. எல்லாக் காரும் செய்கிற காரியம்தான். ஜைனப் கடையநல்லூர் வரும்வரை அழுதாள். கழற்றிய மூட்டுகளை இரும்புக் கடைக்குக் கொடுக்க மனசில்லாமல், துடைத்து, ஒரு துண்டில் சுற்றி, பீரோவில் அவருடைய கைலிகளுக்கு நடுவே வைத்தாள். அந்தக் கோடையில் அவள் காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தாள்.

ஆனி பிறந்தது. ஒரு காலையில் பீரோவைத் திறந்தால் துண்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சுற்றியிருந்த கைலிகள் மொடமொடவென்று காய்ந்திருந்தன. மூட்டைத் தொட்டாள், ஜில்லென்று இருந்தது. துண்டை முற்றத்தில் பிழிந்து உலர்த்திவிட்டு வேறொன்று எடுத்து வைத்தாள். அன்றைக்குத்தான் குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கியது என்று மத்தியானம் டிவியில் சொன்னார்கள். இப்போது சீசன் வந்தால் மதுரை வேன்காரர்கள்கூட டிவியை நம்புவதில்லை, ஜைனபுக்குத்தான் போன் போடுகிறார்கள். அவள் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு பீரோவைத் திறந்து பார்க்கிறாள். "விழுது, கிளம்பி வாங்கப்பா" என்கிறாள். "அவுக குளிச்சிட்டு வந்துட்டாக."