யார் தூவிய சாம்பல்

மார்கழி பிறந்ததிலிருந்து உடையப்பனும் அவர் மனைவி உண்ணாமலையும் பேசிக்கொள்வதில்லை. காரணம் பரங்கிக்காய். மகள் செவந்திக்கு மாசியில் கல்யாணம். யுத்த காலம், அரிசிக்கே கண்ட்ரோல். "பந்திக்குக் காய் பூரா எங்க தோட்டந்தான்" என்று இலுப்பூர்ச் சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார் உடையப்பன். அப்போது கொடி பூக்கவே இல்லை.

"பிள்ளை பொறக்குமுன்னே பேரு வச்சிட்டு வந்திருக்கீங்க" என்றாள் உண்ணாமலை. மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

வண்டு தின்னாமலிருக்க இலைகளில் அடுப்புச் சாம்பல் தூவுவார்கள். அவள் கொண்டுவருவாள், அவர் தூவுவார். பேச்சு நின்றதும் அதுவும் நின்றது. ஆனால் ஒருநாள் இலைகளில் வெள்ளையாகத் தூள் தெரிந்தது. வீம்பு பிடித்தாலும் அவர் வேலையை விடவில்லையே என்று உண்ணாமலைக்கு உள்ளூரச் சந்தோஷம். அவள்தான் தூவியிருக்கிறாள் என்று அவருக்கும் சந்தோஷம். வாய்விட்டுக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே!

ஒரு மத்தியானம் பிஞ்சைப் பார்க்க இலையைத் தூக்கினாள் உண்ணாமலை. அடிப்பக்கமும் வெள்ளை. மேலே தூவிய சாம்பல் கீழே எப்படி வரும்? ஊதிப் பார்த்தாள். பறக்கவில்லை. மூத்த இலைகள் மஞ்சளித்துக் கருக ஆரம்பித்திருந்தன. வீம்பை மறந்து உடையப்பனிடம் ஓடினாள்.

"ஏங்க, சாம்பல் நீங்கதானே தூவுனீங்க?"

உடையப்பன் திகைத்தார். "நீ தூவலையா?"

"அப்ப இது சீக்குங்க. எலை போச்சுன்னா பிஞ்சு பருக்காதே. சம்பந்திக்கு என்ன பதில் சொல்றது?"

"கந்தகத்தூள் போட்டா கேக்கும்னு கீரமங்கலம் சந்தையில பேசிக்கிட்டாங்க."

"சிரங்குக்குப் போடுற கந்தகமா?"

"அதேதான். காலையில பனி காயிறதுக்குள்ள தூவணுமாம். வெயில்ல போட்டா எலை பொசுங்கிரும்."

கெட்ட இலைகளைக் கிள்ளி, தோட்டத்துக்கு அங்கிட்டுக் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். மறுநாள் விடியலில், மெல்லிய துணியில் கந்தகம் கட்டி இலை இலையாகத் தட்டினார்கள். மருந்தே கொடியைப் பொசுக்கிவிடுமோ என்று உண்ணாமலைக்குச் சோறு இறங்கவில்லை. போகும்போதும் வரும்போதும் கொடியைத்தான் பார்த்தாள். புதுத் தளிர்கள் பச்சையாகவே வந்தன. அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

பிஞ்சுகள் பருக்கத் தொடங்கிய சமயம், தளிர் இலையில் மறுபடியும் வெள்ளை. அவளுக்கு உயிரே போய்விட்டது. குனிந்து ஊதினாள். தூள் பறந்து கண்ணில் விழுந்தது.

"வண்டு தெரிஞ்சிச்சு. நாந்தான் சாம்பல் தூவுனேன்" என்றார் பின்னால் வந்த உடையப்பன்.

கண்ணைக் கசக்கியபடியே அவள் அழுதாள், சிரித்தாள்.

"இனிமே சொல்லிட்டுத் தூவுங்க."