பெட்டி பிரிக்காத கரடி

என் மாமனார் வீட்டு ஹால்ல ஒரு கண்ணாடி அலமாரி இருக்கு. அது நிறைய பொம்மை. ஒண்ணைக்கூட எந்தக் குழந்தையும் தொட்டதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் மனுஷர் பாடம் எடுக்க ஆரம்பிச்சிடுவார். "இது சாவி கொடுத்தா ஓடுறது. இது பின்னால இழுத்து விட்டா ஓடுறது. இதுக்குப் பேட்டரி தனியா வாங்கணும்னு அட்டையிலயே போட்டிருக்கான் பாருங்க. பெட்டி பிரிக்காம இருந்தா முழு விலை, பிரிச்சிட்டா பாதி விலை, பெட்டியே இல்லைன்னா வெறும் தகரம்." கல்யாணமாகி வந்த அன்னைக்கே எனக்கும் இந்தப் பாடம் நடந்துச்சு.

நடுத்தட்டுல ஒரு தகரக் கரடி. சாவி கொடுத்தா டிரம் அடிக்குமாம், பெட்டி மேல படம் போட்டிருக்கு. அது என் வீட்டுக்காரரோடது. அஞ்சாவது பிறந்தநாளுக்கு அவரோட அத்தை வாங்கிக் கொடுத்தது. இவர் டேப்பைப் பிரிக்கப் போனப்ப மாமனார் வெடுக்குன்னு பிடுங்கி, "பெரியவனானதும் தர்றேன்"னு உள்ள வெச்சுப் பூட்டினவர்தான். இவருக்கு முன்மண்டை வழுக்கையே விழுந்தாச்சு. இன்னும் பெரியவனாகலை போல!

இப்ப எங்க மகளுக்கு அஞ்சாவது பிறந்தநாள். "அப்பா இவளுக்காவது கொடுத்துடுவார், நீ வேணா பாரேன்"னார் இவர். என்கிட்ட சொன்னதோட விட்டாரா? குழந்தைகிட்டயும் சொல்லித் தொலைச்சுட்டார். அவ ஒரு வாரமா சாப்பாட்டுத் தட்டுல டிரம் அடிச்சு என் காதைக் கிழிச்சா. மாமனார் கொடுப்பார்னு எனக்குத் துளி நம்பிக்கை இல்லை.

பிறந்தநாளன்னைக்கு மாமனாரே அலமாரியைத் திறந்தார். "இங்க வாம்மா, இதைப் பிடி"ன்னு பெட்டியை அவ கையில கொடுத்தார். இவர் முகத்தைப் பார்க்கணுமே! 'சொன்னேன்ல'ங்கிற மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கே சங்கடமாப் போச்சு, மனுஷரைத் தப்பா நினைச்சுட்டோமேன்னு.

மாமனார் போனை எடுத்தார். "அப்படியே நில்லு. சிரி." ஒரு போட்டோ. அப்புறம் கையை நீட்டினார். "சரி, கொடு."

"எதுக்கு மாமா?"ன்னேன்.

"வாங்கறவனுக்கு சைஸ் தெரியணுமாம். குழந்தை கையில இருந்தா சட்டுன்னு தெரியும்ல? நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போறான்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. குழந்தை பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அவ அப்பாவைப் பார்த்தா. தன் அப்பா பேச்சுக்கு மறுபேச்சே பேசாத மனுஷன் இவர். விடுவிடுன்னு வந்தார், பெட்டியை வாங்கினார், மூடியைச் சரக்குன்னு கிழிச்சார். மாமனார் "டேய், டேய்"னு கத்துறதுக்குள்ள கரடிக்குச் சாவி கொடுத்துட்டார்.

கரடி ஒரு கையைப் பாதி தூக்குச்சு. அப்படியே நின்னுடுச்சு. மறுபடி முறுக்கினார். கிர்ருன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். என் தையல் மெஷினே ஒரு மாசம் சும்மா கிடந்தா முரண்டு பிடிக்கும். இது பிறந்ததுலேருந்து ஒரு தடவைகூட ஓடாதது. உள்ள எல்லாம் இறுகிப் போயிருக்கு.

"அப்பா, இது அடிக்காதா?"ன்னா மகள்.

இவர் கரடியோட தரையில உட்கார்ந்துட்டார். அதை மார்போட அணைச்சுக்கிட்டு, சின்னப் பிள்ளையாட்டம் தேம்பித் தேம்பி அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

மாமனார் கிட்ட வந்து குனிஞ்சார். மகன் தோள்ல கை வைக்கப் போறார்னுதான் நினைச்சேன். கீழ கிடந்த மூடியை எடுத்து, கிழிஞ்ச இடத்தை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதமா ஒட்டினா பிரிச்சது தெரியாது"ன்னார். "அந்தக் கரடியை இப்படிக் கொடுடா. ஈரம் பட்டா துருப் பிடிச்சிடும்."